ஜி.என்.எம். (மூணு வருஷ நர்சிங் டிப்ளமோ) ரெண்டாம் வருஷத்துல விட்ட படிப்பு, ஜூன்ல திரும்பச் சேர்றேன். கை பழகுமா?

தெற்குவாடிப் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். ஜூன் மாசம் ரெண்டாம் வருஷ வகுப்புல மறுபடி சேர்ந்துக்கச் சொல்லி ஸ்கூல்ல இருந்து தகவல் வந்துருச்சு. சந்தோஷம்தான், ஆனா ராத்திரி தூக்கம் பிடிக்க மாட்டேங்குது. நர்சிங் படிச்ச அக்காமார், இப்போ டியூட்டியில இருக்கிறவங்க யாராச்சும் பார்த்தா பதில் போடுங்க.

என் ஊர் பாம்பன் தெற்குவாடி. ராமநாதபுரத்துல ஒரு தனியார் நர்சிங் ஸ்கூல்ல படிச்சேன். முதல் வருஷம் எல்லாப் பேப்பரும் பாஸ். ரெண்டாம் வருஷம் மெடிக்கல் வார்டு போஸ்டிங் (ஆஸ்பத்திரிப் பயிற்சி) ஓடிக்கிட்டு இருக்கும்போதுதான் வயித்துல பிள்ளை. எட்டாம் மாசம் பிரஷர் 160/110 தாண்டிப் போயிருச்சு. அட்மிட் பண்ணி ரெண்டு பக்கம் பிட்டத்துலயும் ஊசி போட்டாங்க. அந்த எரிச்சல் இன்னும் நினைவுல இருக்கு. அதுக்கப்புறம் ஒரு சிஸ்டர் அடுத்த ஊசிக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் வந்து சின்னச் சுத்தியலால முட்டியில தட்டிப் பார்ப்பாங்க, மூச்சை எண்ணுவாங்க, யூரின் பையைக் குனிஞ்சு பார்ப்பாங்க, எழுதிக்கிட்டுப் போயிருவாங்க. நானும் நர்சிங் படிக்கிற பிள்ளைதான். ஆனா ஏன் சிஸ்டர் தட்டுறீங்கன்னு கேட்கிற தெம்பு அப்போ இல்லை. மகன் ஆபரேஷன்லதான் பிறந்தான். இப்போ ஓடுற பிள்ளை, பிடிச்சு நிறுத்த முடியலை.

என் பயம் என்னன்னா, கை எல்லாம் மறந்துபோச்சு. பிரஷர் பார்க்க ஸ்டெத்தைக் காதுல வெச்சா எது முதல் சத்தம், எது கடைசின்னு பிடிபடுமான்னே தெரியலை. மருந்துக் கணக்கு சுத்தமா நினைவில்லை. பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், இங்கிலீஷ்ல லெக்சர் கேட்டு எழுதுறதுக்கு முன்னாடியே திணறுவேன். என்கூடப் படிச்சதுக எல்லாம் இப்போ மூணாம் வருஷம். வார்டுல அவங்க சீனியரா நிப்பாங்க, நான் ஜூனியர் பிள்ளைகளோட வரிசையில நிக்கணும்.

பிள்ளை விஷயம் தனி. வீட்டுக்காரர் விசைப்படகு. இப்போ மீன்பிடித் தடைக்காலம், அதனால வீட்டுல இருக்கார், மகனும் அவர் தோளை விட்டு இறங்கலை. ஜூன் 14 ராத்திரியோட தடை முடிஞ்சா அவர் கடலுக்குப் போயிருவார். மாமியாருக்கு மூட்டு வலி, பிள்ளை பின்னாடி ஓட முடியாது. எங்கம்மாதான் பார்க்கணும். அம்மா கடல்ல முங்கிப் பாசி எடுக்கப் போறவங்க. இப்போ ஏப்ரல்ல இருந்து பாசி வளர்றதுக்காக நிறுத்தி வெச்சிருக்காங்க, திரும்ப ஆரம்பிச்சா அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும் தீவுப் பக்கம் போயிருவாங்க. அந்த வருமானத்தை நிறுத்துங்கன்னு சொல்ல எனக்கு வாய் வராது. அதுலதான் என் முதல் வருஷ ஃபீஸே கட்டினது.

சேர்றதுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கு. அதுக்குள்ள எதைப் படிக்கணும், எதை விடலாம்? பாதியில விட்ட போஸ்டிங் கணக்குல வருமா?

---

பழைய டியூட்டர்:

வாழ்த்துகள்மா. நான் நர்சிங் ஸ்கூல்ல பாடம் எடுத்தவள், அதனால கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்றேன், மத்ததை வார்டுல இருக்கிறவங்க சொல்லட்டும்.

படிக்கிறதைப் பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாள் ஸ்கூலுக்கு நேர்ல போங்க. இந்திய நர்சிங் கவுன்சில் பாடத்திட்டப்படி பரீட்சை எழுத ஒவ்வொரு பாடத்துலயும் 80 சதவீத வருகை வேணும். டிப்ளமோ கையில வாங்க பிராக்டிகல்ல 100 சதவீதம் முடிச்சிருக்கணும். எந்தக் காரணத்துக்காக லீவு எடுத்திருந்தாலும் விட்ட வார்டு நாளை ஈடு கட்டித்தான் ஆகணும். அதனால நீங்க ஏற்கெனவே முடிச்ச மெடிக்கல் வார்டு மணி நேரத்துல எவ்வளவு ஏத்துக்கிறாங்க, எவ்வளவு திரும்பப் பார்க்கணும்னு பிரின்சிபால்கிட்ட எழுத்துல கேட்டு வாங்குங்க. வாயால சொன்னது மூணாம் வருஷக் கடைசியில யாருக்கும் நினைவிருக்காது. டியூட்டர் மாறிப் போயிருப்பாங்க, ரெஜிஸ்டர் பீரோவுக்குள்ள போயிருக்கும். ஹால் டிக்கெட் வர்ற வாரத்துல ‘உங்களுக்கு இத்தனை மணி நேரம் குறையுது’ன்னு சொல்லக் கேட்டு அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கேன். அந்த நிலைமை உங்களுக்கு வரக்கூடாது.

பழைய ப்ரொசீஜர் புக், கேஸ் புக் வீட்டுல இருந்தா பத்திரமா எடுத்து வைங்க. கையெழுத்து வாங்கின பக்கம் எல்லாம் நீங்க வார்டுல செஞ்ச வேலைக்குச் சாட்சி. டிஸ்சார்ஜ் சம்மரி ஒரு நகல், உடம்பு சரியாயிருச்சுன்னு டாக்டர் சர்டிஃபிகேட் ஒண்ணு, இதையும் கொண்டு போங்க. ஹெபடைட்டிஸ் பி ஊசி மூணு டோஸும் முடிச்சீங்களான்னு பாருங்க. பாதியில விட்டிருந்தா வார்டுல கால் வைக்கிறதுக்கு முன்னாடியே அதைக் கேளுங்க.

---

கரையோர நர்சம்மா:

தங்கச்சி, நான் ராமநாதபுரம் கடலோரத்துல ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல ஸ்டாஃப் நர்ஸ். உன் பதிவை நைட் டியூட்டியில படிச்சேன். பிரசவ வார்டுல ஒரு பொண்ணு வலியில இருந்ததால உடனே எழுத முடியலை. இப்போ வீட்டுக்கு வந்து எழுதுறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையாப் படி.

முதல்ல அந்த முட்டியை எடுத்துக்குவோம். உனக்குப் போட்டது மெக்னீசியம் சல்பேட். பிரஷர் அவ்வளவு ஏறின கர்ப்பிணிக்கு வலிப்பு வந்துடக்கூடாதுன்னு போடுறது. தசையில போடும்போது எரியத்தான் செய்யும். அது உயிரைக் காப்பாத்துற மருந்து, ஆனா ரத்தத்துல அளவு கூடிப் போச்சுன்னா மூச்சையே அமுக்கிடும். மூச்சு அமுங்குறதுக்கு முன்னாடியே முட்டியோட துள்ளல் நின்னுபோயிரும். அதனாலதான் அந்த சிஸ்டர் தட்டினாங்க. கால் துள்ளினா அடுத்த டோஸ் போடலாம். மூச்சு நிமிஷத்துக்கு 16க்குக் குறையக்கூடாது. அந்த மருந்து சிறுநீர் வழியாத்தான் வெளியேறும், அதனால யூரின் மணிக்கு 30 மில்லிக்குக் குறையக்கூடாது. மூணுல ஒண்ணு சரியில்லைன்னாலும் ஊசியை நிறுத்திட்டு டாக்டரைக் கூப்பிடணும். முறிவு மருந்து கால்சியம் குளுகோனேட், பக்கத்துலயே எடுத்து வெச்சிருப்போம்.

இதை எதுக்கு இவ்வளவு விலாவாரியாச் சொல்றேன்னா, இது உனக்கு மூணாம் வருஷம் மிட்வைஃபரியில (பிரசவப் பாடம்) வரும். கூட உட்கார்ந்திருக்கிற பிள்ளைங்க இதை மூணு வரியா மனப்பாடம் பண்ணும். நீ மனப்பாடம் பண்ண வேண்டாம். அந்தச் சுத்தியல் உன் முட்டியில பட்டிருக்கு. வீட்டுல இருந்த காலத்துல எல்லாம் போச்சுன்னு நினைக்கிறியே, போகலை. கட்டில்ல கிடந்து நீ பார்த்ததை எல்லாம் ஒரு நோட்டுல எழுதி வை. யார் வந்தாங்க, என்ன பண்ணாங்க, எது உனக்குப் புரியலை, எது வலிச்சது, எந்தப் பேச்சு தெம்பாயிருந்தது. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ‘ஏன்’னு ஒரு கேள்வி போடு. கிளாசுக்குப் போனதும் அந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடு. மெடிக்கல் சர்ஜிக்கல் புத்தகத்துல பாதி அதுக்குள்ளேயே வந்துரும்.

இப்போ கை. கை புத்தகத்தால பழகாது. சேர்றதுக்கு முன்னாடி இருக்கிற நாளை நான் கைக்குத்தான் கொடுப்பேன். ஒரு ஸ்டெத், ஒரு அனராய்டு (முள் காட்டுற டயல் வெச்சது) பி.பி. ஆப்பரேட்டஸ் கடனாவாவது வாங்கு. டிஜிட்டல் மிஷின் வேண்டாம், அதுல உன் காது பழகாது. தினமும் வீட்டுல ஆள் மாத்தி ஆள் பாரு. அம்மாவுக்குப் பார்க்கும்போது கடல்ல இருந்து வந்த உடனே பார்க்காதே. அஞ்சு நிமிஷம் சாய்ஞ்சு உட்காரட்டும். சேலைக்கு மேல ஆம்பளைச் சட்டை போட்டுக்கிட்டுத்தானே பாசிக்குப் போறாங்க, அந்தக் கையைச் சுருட்டி மேல ஏத்தாதே, இறுக்கிப் பிடிச்சு அளவு தப்பாக் காட்டும். சட்டையைக் கழட்டச் சொல்லு. கை நெஞ்சு மட்டத்துல மேஜை மேலயோ தலையணை மேலயோ இருக்கட்டும்.

நேரா ஸ்டெத்தை வெச்சு அமுக்கிடாதே. முதல்ல மணிக்கட்டுல நாடியைப் பிடிச்சுக்கிட்டே காத்தை ஏத்து. நாடி எந்த இடத்துல மறையுதோ அந்த நம்பரை மனசுல வெச்சுக்க. காத்தை முழுசா விடு. கொஞ்சம் பொறுத்து, இந்தத் தடவை ஸ்டெத்தை முழங்கை மடிப்புல வெச்சு, மறைஞ்ச நம்பருக்கு மேல 30 வரைக்கும் ஏத்து. அப்புறம் நொடிக்கு ரெண்டு மில்லிமீட்டர் கணக்குல மெதுவா இறக்கு. முதல் ‘டக்’ மேல் பிரஷர். சத்தம் அடியோட மறையுற இடம் கீழ் பிரஷர். நாடி பார்க்காம ஏத்தினா சில பிரஷர்காரங்களுக்கு நடுவுல சத்தம் மறைஞ்சு திரும்ப வரும், நீ கீழ கேட்டதை முதல் சத்தம்னு நினைச்சு 190ஐ 150ன்னு எழுதிருவே. வார்டுல அவசரத்துல நிறையப் பேர் இந்த நாடி பார்க்கிற படியை விட்டுடுறாங்க. நீ விடாதே. யார் ‘சீக்கிரம் சீக்கிரம்’னு சொன்னாலும் விடாதே.

கேட்குற இடமும் அமைதியா இருக்க வேண்டாம். வார்டுல ஃபேன் சத்தம், பிள்ளை அழுகை, பக்கத்துக் கட்டில் சண்டை எல்லாம் இருக்கும். உன் மகன் கத்திக்கிட்டு ஓடும்போது கேட்டுப் பழகு.

மருந்துக் கணக்குக்கு ரெண்டே ரெண்டு கணக்கைத் தினமும் போடு. ரெண்டாம் வருஷத்துல சைல்டு ஹெல்த் இருக்கிறதால ஒண்ணு சிரப். பத்துக் கிலோ பிள்ளைக்குக் காய்ச்சல், பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம்னு டாக்டர் எழுதுறார். 150 மில்லிகிராம் வேணும். 5 மில்லியில 125 மில்லிகிராம் இருக்கிற பாட்டில்னா 6 மில்லி. 5 மில்லியில 250 இருக்கிற பாட்டில்னா 3 மில்லிதான். ரெண்டு பாட்டிலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மூடி ஒரே மாதிரி, வாசனைகூட ஒண்ணு. லேபிள் படிக்காம ‘ஒரு மூடி கொடு’ன்னு சொல்ற பழக்கம் எங்க கரையில இன்னும் போகலை. நீ படிக்கிறதுக்கு இது ஒண்ணே போதுமான காரணம்னு எனக்குத் தோணும். ரெண்டாவது டிரிப்ஸ். 500 மில்லி சலைன் 4 மணி நேரத்துல போகணும், செட்டு மில்லிக்கு 20 சொட்டு. 500ஐ 20ஆல பெருக்கு, 240 நிமிஷத்தால வகு, 42 சொட்டு கிட்ட வரும். மைக்ரோ செட்டுன்னா மில்லிக்கு 60. நம்பரை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டே இரு. பேப்பர்ல போடு, மனசுல போடாதே.

புத்தகத்துல முதல் வருஷ அனாடமியில இதயம், நுரையீரல், சிறுநீரகம் மூணையும் ஒரு தரம் ஓட்டு. மத்தது வகுப்பு நடக்க நடக்க வரும்.

கூடப் படிச்சவங்க சீனியரா நிக்கிறது உனக்கு நல்லதுதான். நான் வேலைக்கு வந்து ரொம்ப வருஷம் கழிச்சு போஸ்ட் பேசிக் (டிப்ளமோ நர்சுங்களுக்கான பி.எஸ்சி.) படிக்கப் போனேன். என் பக்கத்து பெஞ்சுல இருந்த பிள்ளை என்னை விட அவ்வளவு சின்னவ. அவதான் எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்தா, நான் அவளுக்கு வென்ஃப்ளான் (டிரிப்ஸ் ஏத்த நரம்புல போடுற சின்னக் குழாய்) போடக் கத்துக் கொடுத்தேன். இன்னைக்கும் நல்ல நாள் பெரிய நாளுக்கு போன் பேசுவோம். நீ போய் முதல் நாளே பழைய தோழிகள்கிட்ட ‘எனக்கு இது இது விட்டுப்போச்சு, நீ பண்ணும்போது கூப்பிடு’ன்னு சொல்லிடு. கூப்பிடுவாங்க.

அம்மா விஷயம். போஸ்டிங் லிஸ்ட் போட்டதும் வாங்கிட்டு வந்து நாள்காட்டிக்குப் பக்கத்துல வெச்சுப் பாரு. அமாவாசை, பௌர்ணமி எந்த வாரம்னு வருஷம் முழுக்க முன்னாடியே தெரியும். அந்த நாள்ல நைட் டியூட்டி வந்தா உனக்குச் சௌகரியம், பகல்ல பிள்ளைகூட இருப்பே. ஆனா தூங்காம இருக்கக் கூடாது, அதுக்கு மாமியார் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தபடியே பார்த்துக்கிட்டாக்கூடப் போதும். டியூட்டர்கிட்ட மாத்தம் கேட்கிறதா இருந்தா லிஸ்ட் ஒட்டுறதுக்கு முன்னாடி கேளு. ஒட்டினதுக்கு அப்புறம் கேட்டா இன்னொரு பிள்ளையோட நாள் கெடும், அவங்களுக்கும் கோபம் வரும்.

ஐப்பசி கார்த்திகையில புயல் கூண்டு ஏத்தினா ரயிலை நம்பாதே, பாலத்துல காத்து கூடினா நிறுத்திடுவாங்க. அந்த நாளுக்குன்னு பஸ் நேரத்தைத் தெரிஞ்சு வெச்சுக்க. முடிஞ்சா அந்த ரெண்டு மாசம் மட்டும் ஹாஸ்டல் கேட்டுப் பாரு.

---

கீழக்கரைப் பிள்ளை, இப்போ லீட்ஸ்:

தங்கச்சி, அஸ்ஸலாமு அலைக்கும். நர்சம்மா லாத்தா சொன்னதுக்கு மேல நான் கைப்பழக்கம் பத்திச் சொல்ல ஒண்ணுமில்லை. திரும்பிப் போறது எப்படி இருக்கும்னு மட்டும் சொல்றேன், நானும் இடையில நிறுத்திட்டுப் போனவதான்.

நான் இங்க முதியோர் இல்லத்துல கேர் அசிஸ்டன்டா இருந்து, அப்புறம் டிரெய்னி நர்சிங் அசோசியேட்டா சேர்ந்தேன். இங்கிலாந்துல கேர் அசிஸ்டன்டுக்கும் பதிவு பெற்ற நர்சுக்கும் நடுவுல இருக்கிற பதவி அது. நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் 2019 ஜனவரியில இதுக்குப் பதிவேடு திறந்தாங்க. ரெண்டு வருஷ ஃபவுண்டேஷன் டிகிரி. என்னை மாதிரி அப்ரென்டிஸா சேர்ந்தா சம்பளத்தோட படிக்கலாம், வகுப்பும் வார்டுமா மாறி மாறி வரும். பெரியவங்க, பிள்ளைங்க, மனநலம்னு எல்லா இடத்தையும் பார்க்கணும்.

நடுவுல உம்மாவுக்கு உடம்பு முடியாமப் போச்சு. படிப்பை நிறுத்தி வெச்சுட்டு கீழக்கரைக்கு வந்து கூட இருந்தேன். திரும்பினப்போ இவங்க முறை எனக்குப் பிடிச்சிருந்தது. முதல்ல ஊழியர் உடல்நலப் பிரிவுல பரிசோதனை. அடுத்து டியூட்டர்கூட உட்கார்ந்து, விட்ட மணி நேரம் எவ்வளவு, புது முடிவுத் தேதி என்னன்னு எழுதிக் கையெழுத்து. வார்டுல என்கூட நிக்க ஒருத்தர், என் வேலையை மதிப்பிட்டுக் கையெழுத்துப் போட வேறொருத்தர். உங்க ஸ்கூல்ல இந்த ஏற்பாடு தானா நடக்காம போகலாம். அப்போ நீயே கேட்டு நடத்திக்க. டியூட்டர் மேம் எழுத்துல வாங்கச் சொன்னாங்களே, அதேதான்.

வார்டுல முதல் நாள் நான் சொன்ன முதல் வார்த்தை, ‘நான் லீவுல இருந்து இப்போதான் வந்திருக்கேன், இதை நான் பண்ணும்போது பக்கத்துல நின்னு பாருங்க.’ வெட்கமா இருந்துச்சு, ஆனா யாரும் முகம் சுளிக்கலை. தெரியும்னு சொல்லிட்டுத் தனியாப் போய் நிக்கிற பிள்ளையைப் பார்த்தாத்தான் சிஸ்டர்மாருக்குப் பயம்.

இன்னொண்ணு சொல்றேன், உனக்கு அங்கேயும் உதவும். இங்க ஒவ்வொரு நோயாளிக்கும் நியூஸ்-2னு ஒரு கணக்கு. மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, ஆக்சிஜன் வெச்சிருக்கா, மேல் பிரஷர், நாடி, நினைவு, காய்ச்சல். ஒவ்வொண்ணுக்கும் மார்க் போட்டுக் கூட்டணும். 5 வந்தா அவசரமா டாக்டரைக் கூப்பிடணும், 7 வந்தா உயிர் ஆபத்து மாதிரி ஓடணும். எனக்கு அது சொல்லிக் கொடுத்தது, மூச்சை உண்மையாவே எண்ணணும்கிறது. ஊர்ல இருந்தப்போ ஆஸ்பத்திரி சார்ட்டுல கட்டிலுக்குக் கட்டில் ஒரே நம்பரை எழுதி வெச்சிருந்ததைப் பார்த்திருக்கேன். உம்மா மூச்சு 28 ஆனதை நான்தான் எண்ணிச் சொன்னேன். மனுஷன் உடம்பு மோசமாகும்போது பெரும்பாலும் மூச்சுதான் முதல்ல மாறும். நோயாளிக்குத் தெரியாம, நாடி பிடிக்கிற மாதிரி கையைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு நிமிஷம் முழுசா எண்ணு.

இங்கிலீஷுக்குப் பயப்படாதே. நான் முதல் வருஷம் முழுக்க நோட்டுல தமிழ் எழுத்துலதான் எழுதினேன், காதுல விழுந்த மாதிரியே. ராத்திரி உட்கார்ந்து இங்கிலீஷ்ல மாத்தி எழுதுவேன். அப்படியே ரெண்டு தரம் படிச்ச மாதிரி ஆச்சு.

வெளிநாட்டுக்கு அனுப்புறேன்னு இப்பவே எவனாச்சும் ஏஜென்ட் பணம் கேட்டா கொடுக்காதே. உன் டிப்ளமோவும் கவுன்சில் பதிவும் கையில இருந்தா, அப்புறம் அதை யோசிக்கலாம்.

---

ஏர்வாடிக் கரை:

தங்கச்சி, நான் கடல் தொழில். எங்க வீட்டுல நர்ஸ் வேலை பார்க்கிறாங்க. பிள்ளை விஷயத்துல ஒண்ணு சொல்றேன். தடைக்காலம் முடியுற வரைக்கும் காத்திருக்காதீங்க. நீங்க ரெண்டு பேரும் வீட்டுல இருக்கும்போதே மகனைக் காலையில அம்மா வீட்டுல விட்டுட்டு சாயங்காலம் கூட்டுங்க. முதல் வாரம் அழுவான். அந்த அழுகை இப்போ முடிஞ்சிடட்டும். அப்பா படகுக்குப் போறதும் அம்மா கிளாசுக்குப் போறதும் ஒரே நாள்ல வந்தா பிள்ளைக்குத் தாங்காது. ரெண்டு வயசு முடிஞ்சதும் பால்வாடியில கேளுங்க, மதியம் வரைக்கும் அவங்க பார்த்துக்குவாங்க, சத்துமாவும் கிடைக்கும்.

வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லுங்க, கரையில இருக்கிற நாள்ல பிள்ளையைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டிப் பழகச் சொல்லுங்க. நான் பழகினேன், ஒண்ணும் குறைஞ்சு போகலை.

---

தெற்குவாடிப் பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நர்சம்மா அக்கா, முட்டி விஷயத்தைப் படிச்சதும் கண்ணு கலங்கிருச்சு. அந்த சிஸ்டர் பேர்கூட எனக்குத் தெரியாது.

நேத்து ஸ்கூலுக்குப் போய் பிரின்சிபால் மேமைப் பார்த்தேன். ப்ரொசீஜர் புக்கைக் காட்டினேன். கையெழுத்து இருக்கிற மணி நேரத்தை ஏத்துக்கிறோம், மீதியை சர்ஜிக்கல் போஸ்டிங் முடிஞ்சதும் லீவு நாள்ல பார்க்கணும்னு சொன்னாங்க. எழுத்துல கேட்டேன். கொஞ்சம் யோசிச்சாங்க, அப்புறம் லெட்டர்ஹெட்லயே போட்டுக் கொடுத்துட்டாங்க. மகனை அம்மா வீட்டுல விட ஆரம்பிச்சாச்சு. இன்னைக்கு ரெண்டாவது நாள், அழுகை கொஞ்சம் கம்மி.

பக்கத்து வீட்டு சுகாதாரத் தன்னார்வலர் அக்காகிட்ட பி.பி. ஆப்பரேட்டஸ் கடனா வாங்கினேன். வீட்டுக்காரருக்கு 118/76. அக்கா சொன்ன மாதிரியே நாடி பார்த்து ஏத்தினேன், சத்தம் தெளிவாக் கேட்டுச்சு. அம்மாவுக்குப் பார்த்தா 152/96. காது தப்பாக் கேட்டிருக்கும்னு நினைச்சு கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பப் பார்த்தேன், 150/96. அம்மா ‘எனக்கு ஒண்ணுமில்லை, வெயில்ல வந்தேன்’னு எழுந்து போயிட்டாங்க. இதுவரைக்கும் பிரஷர் பார்த்ததே இல்லையாம். இவங்க மூச்சைப் பிடிச்சுத் தண்ணிக்குள்ள இறங்குறவங்க. என்ன பண்றது அக்கா?

---

கரையோர நர்சம்மா:

ரெண்டு தரமும் கிட்டத்தட்ட ஒரே நம்பர் வந்திருக்கு, அதனால உன் காதைச் சந்தேகப்படாதே. 140/90க்கு மேல இருந்தா கவனிக்கணும். ஆனா ஒரு நாள் பார்த்ததை வெச்சு முடிவு பண்ண மாட்டாங்க, அம்மாவையும் பயமுறுத்தாதே.

நாளைக்கும் மறுநாளும் காலையில எழுந்ததும், காப்பி குடிக்கிறதுக்கு முன்னாடி, வெத்தலை போடுற பழக்கம் இருந்தா அதுக்கும் முன்னாடி, ரெண்டு கையிலயும் பாரு. எந்தக் கையில கூட வருதோ அடுத்து அந்தக் கையிலேயே பாரு. தேதி, நேரம், எந்தக் கை, மூணையும் நோட்டுல எழுது. அதை எடுத்துக்கிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போ, சர்க்கரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லு. மாத்திரை எழுதினாங்கன்னா அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பேரைச் சேர்த்துக்கலாம், மாசா மாசம் வீட்டுக்கே வந்து கொடுப்பாங்க. நீ கடன் வாங்கின அந்த அக்காவுக்கே முறை தெரிஞ்சிருக்கும்.

கருவாடு, ஊறுகாய் குறைக்கச் சொல்லு. பாசிக்குத் திரும்பப் போறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ‘இவங்க முங்கி வேலை பார்க்கிறவங்க’ன்னு நீயே வாய் திறந்து சொல்லணும். அவங்களாச் சொல்ல மாட்டாங்க. தலைசுத்தல், நெஞ்சு அடைப்பு, கண்ணு மங்கல் ஏதாச்சும் இருந்தா ரெண்டு நாள் காத்திருக்க வேண்டாம், அன்னைக்கே கூட்டிட்டுப் போயிரு.

நம்பர் என்ன வந்துச்சுன்னு இங்கேயே போடு.